கிரீஸ் வரை போய் வந்த பலாக்கட்டை

எங்கள் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பலாக்கட்டை கிடக்கிறது. ஒரு முனை தடித்து மறுமுனை சரிந்து, ஆப்பு மாதிரி செதுக்கியது. ஒரு முழம்கூட இருக்காது. எண்ணெயும் மண்ணும் குடித்து அதன் நிறம் என்னவென்றே இப்போது சொல்ல முடியாது. எங்கள் மலையூரான சூரியநெல்லியில் ஜீப் வைத்திருக்கும் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கும். சரிவில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு அணைவாக இதை வைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஹேண்ட் பிரேக்கை நம்பி இறங்குகிறவன் மலையில் பிழைக்க மாட்டான் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. ஆனால் எங்கள் கட்டைக்கு மற்ற கட்டைகளுக்கு இல்லாத ஒரு பெருமை உண்டு. அது விமானம் ஏறி கிரீஸ் நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

நான் காந்தலூர்க்காரி. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற வீட்டில் பிறந்து, ஜீப் டிரைவருக்கு வாக்கப்பட்டு எஸ்டேட் பக்கம் வந்தேன். அவருடைய முதல் ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. எங்கே நிறுத்தினாலும் அவர் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார், நான் இறங்கிப் போய்க் கட்டையை வைத்து, “போட்டாச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் காதில் விழும்வரை அவர் காலை எடுக்க மாட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள், மழைக்குச் சோம்பல்பட்டுக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போட்டாச்சு என்றேன். கட்டை புரண்டு கிடந்திருக்கிறது. ஜீப் ஒரு கை அளவு உருண்டு, என் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு நின்றது. அவர் கத்தவில்லை. இறங்கி வந்து, கட்டையைச் சரியாக வைத்து, என் கையைப் பிடித்து அதன்மேல் அழுத்தினார். “வாயால போடாத புள்ள, கையால போடு” என்றார். கோபத்தைவிட அந்த நிதானம்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடங்களாகத் தொட்டுப் பார்க்காமல் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

எங்கள் மகள் ஜெர்மனியில் நர்ஸ். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவள் செய்த ஏற்பாடுதான் கிரீஸ். வசந்த காலத்தில் பத்து நாள், வாடகைக் கார், நாமே ஓட்டிக்கொள்ளலாம், முதலில் கடலோரம், பிறகு கப்பலில் ஒரு தீவு. அவளும் வருவதாகத்தான் இருந்தது, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. “ரெண்டு பேரும் இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்து வைங்கம்மா, ரெண்டு பேரையும் கார் கம்பெனில எழுதியிருக்கேன்” என்று சொல்லியிருந்தாள். எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும். அண்ணனுடைய பிக்கப்பில் பூண்டு மூட்டை ஏற்றி மறையூர் வரை எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவது நடக்காத காரியம். நான் ஸ்டியரிங்கைத் தொட்டால் அவர் கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அதனால் என் லைசென்ஸ் சும்மா ஒரு அலங்காரத்துக்கு என்றுதான் இருவரும் நினைத்தோம்.

பெட்டி கட்டும்போது என் புடவைகளுக்கு நடுவே அவர் கட்டையைத் திணித்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கொச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். “இதெந்தா சேட்டா?” என்று அதிகாரி கட்டையைத் தூக்கிப் பிடித்தார். “வண்டிக்கு” என்றார் இவர். அதிகாரி பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வண்டி எங்கே என்று கேட்கவில்லை. எனக்கு மானம் போயிற்று.

ஏதென்ஸ் தாண்டி, இடது பக்கம் மலையும் வலது பக்கம் கடலுமாக ஒரு சாலை. ஓரமெல்லாம் சிவப்புப் பூ, மஞ்சள் பூ, யாரும் நட்டது போலத் தெரியவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம், வண்டிகள் போவது வலது பக்கம். வளைவுக்கு இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து இவர் ஒவ்வொரு தடவையும் வைப்பரைப் போட்டுவிடுவார். கண் கூசும் வெயிலில் எங்கள் வண்டி மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பும். எங்கள் மலையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்காமல் திரும்பினால் அது குற்றம், இவர் அங்கேயும் அதை விடவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தெரிந்தவர் யாரோ கூப்பிடுவதாக எண்ணிக் கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார். அத்தனை வருடங்களில் அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. மூன்றுமணிக்கு எழுந்து, சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் போட்டோ எடுக்கும்வரை வண்டியில் சாய்ந்து நிற்கிறவர் அவர். இங்கே அவரே இறங்கிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்டோ எடுத்தேன்.

ராஃபினா துறைமுகத்தில் காரோடு கப்பல் ஏறினோம். காரை நிறுத்தியதும் ஒரு கப்பல் ஆள் வந்தார், சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையை உதைத்துச் செருகினார். அச்சு அசலாக எங்கள் கட்டை. இவர் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து எங்களுடையதை எடுத்து அவரிடம் காட்டினார். அந்த ஆள் அதை வாங்கி, எடை பார்ப்பது போலத் தூக்கி, ஏதோ சொல்லிச் சிரித்து, இவர் முதுகில் தட்டினார். “பாத்தியா, மானம் போச்சுன்னியே” என்று அன்று முழுக்க என்னைச் சீண்டினார்.

நாக்ஸோஸ் தீவில் எனக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. அங்கே உருளைக்கிழங்கு பேர்போன விளைச்சலாம். வரப்போரம் நின்று செடியைப் பார்த்ததும் அப்பாவின் தோட்டத்தில் நிற்பது போலவே இருந்தது. என் வீட்டுக்காரருக்கும் ஒரு சந்தோஷம் கிடைத்தது. சாலை வளைவுகளில், இரும்புக் காலின்மேல் நிற்கும் சின்னச் சின்னக் கோயில்கள், உள்ளே ஒரு சாமி படம், எண்ணெய் விளக்கு. எங்கள் மலையிலும் வளைவுக் கோயில்கள் உண்டு. எந்தச் சாமியாக இருந்தாலும், எந்த டிரைவராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். இவர் அங்கே ஒன்றையும் விடவில்லை. சிலவற்றில் இறங்கி, பூப்பறித்து வைத்துவிட்டும் வந்தார். நல்ல பக்தியுள்ள ஊர் என்று பாராட்டினார். இதற்கிடையே வலது பக்கக் கண்ணாடி ஒரு சுவரில் உரசி உடைந்தது, வலது கதவில் ஒரு கீறல் விழுந்தது. “சைடு மாறிப் போச்சுல்ல, அதான்” என்றார். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. காலையும் மாலையும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். தூசி என்றார். அதையும் நம்பினேன்.

தீவில் மூன்றாம் நாள் காலை, நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் அந்தக் கோயில்களைப் பற்றி இவர் புகழ்ந்து பேசினார். அந்த அம்மா சிரிக்கவில்லை. போனில் தட்டி, ஆங்கிலத்தில் காட்டினார். அவை விபத்து நடந்த இடங்கள். செத்தவர்களுக்காக வீட்டார் வைப்பது, சில இடத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் வைப்பது. இவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். “அவ்வளவு வளைவுலயுமா?” என்று என்னிடம்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை.

அன்று மலைமேல் ஒரு ஊர் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வண்டி போகும் அகலம், இடது பக்கம் கல்சுவர், வலது பக்கம் ஒன்றும் இல்லை, கீழே கடல். வளைவில் வைக்கோல் ஏற்றிய ஒரு பிக்கப் ஏறி வந்தது. மலையில் இதற்கு ஒரே சட்டம்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும், பின்னாலேயே போயாவது விட வேண்டும். எங்கள் ஜீப் ஸ்டாண்டில் இவரைப் போல ரிவர்ஸ் எடுக்க ஆள் இல்லை. ரிவர்ஸ் போட்டார். கார் ஒரு முழம் பின்னால் போயிருக்கும், என் பக்கத்துப் பின்சக்கரம் தாரை விட்டு இறங்கிச் சரளைக்கல் பொலபொலவென்று கீழே விழும் சத்தம் கேட்டது. நான் அலறினேன். பிரேக்கை மிதித்து நின்றார். என் பக்கக் கதவைத் திறந்தேன், கால் வைக்க இடமில்லை. புதரும் அதற்குக் கீழே நீலமும்தான் தெரிந்தது.

“அந்தப் பக்கம் எனக்குத் தெரியல புள்ள” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், ஆனால் காலை எடுக்கவில்லை. நான் அந்தப் பக்கம் இறங்க முடியாது, கப்பலில் பெட்டியிலிருந்து எடுத்த கட்டையோ அன்றிலிருந்து என் காலடியில். அப்போது நாங்கள் செய்தது இதுதான். நான் நகர்ந்து வந்து அவர் காலுக்குப் பக்கத்தில் என் காலை நுழைத்துப் பிரேக்கை மிதித்தேன். அவர் மெல்லத் தன் காலை உருவிக்கொண்டு, கட்டையை எடுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாக இறங்கினார். முன்சக்கரத்துக்கு அணைவாக அதை வைத்தார். “போட்டாச்சு” என்றார். எங்கள் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜன்னலைப் பிடித்து நின்றபடியே சொன்னார். வலது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. ஆறு மாதத்தில் முடியவிருந்த லைசென்ஸைப் புதுக்கக் கண் சர்டிபிகேட் வேண்டும் என்று தேனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முதுகுவலி என்று சொல்லித் தன் முறையையெல்லாம் மற்ற டிரைவர்களுக்கு விட்டுக்கொடுத்தது அதனால்தான். “வந்தவங்கள ஏத்தி எறக்கியே காலம் போச்சு. ஒருக்கா நானும் லீவுக்கு வந்தவனா ஓட்டிப் பாத்துட்டு விட்டுரலாம்னு நெனச்சேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? “அதுக்கு என்னையும் சேத்துக் கடல்ல தள்ளப் பாத்தீங்களா? ரோட்டுல வாரவங்க என்ன பாவம் பண்ணாங்க? நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு இத்தன நாளும் வாயாலயே போட்டிருக்கீங்க” என்றேன். அழுதேன், திட்டினேன், அவருடைய ஆசை நியாயமானதுதான் என்றும் எனக்குத் தெரிந்தது, அதனால் இன்னும் அழுதேன். பிக்கப்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரே மெதுவாகப் பின்னால் இறங்கிப் போய் வழி விட்டார். ஏறி வந்த வண்டி எங்களுக்காகப் பின்வாங்குகிறது. இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் போனதைச் சொன்னபோது கலங்காதவர், அப்போது தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, அவர் கட்டையை எடுத்ததும் காரை மெல்ல முன்னால் விட்டு, பின்சக்கரத்தைத் தாருக்கு ஏற்றினேன். மிச்ச நாட்களும் நான்தான் ஓட்டினேன். முதல் நாள் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் குறைந்தது. திரும்பும் கப்பலில் காரை ரிவர்ஸிலேயே ஏற்றச் சொல்லி நாலு பேர் நாலு பக்கம் கத்தினார்கள். இவர் இறங்கி அவர்களுக்கு நடுவே நின்று, “வரட்டும், வரட்டும்” என்று தமிழில் கையசைத்தார். எனக்கு அந்த ஒரு குரல்தான் காதில் விழுந்தது. பிறகு கரையோரமாகப் போகும்போது, அவர் வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒரு வளைவில் தூங்கியும் போனார். அவர் வண்டியில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

இது முடிந்து ஒரு வருடம் ஆகிறது. மகளிடம் ஊர் திரும்பியதும் சொன்னோம், அவள் என்னைவிட அதிகமாகத் திட்டினாள். ஜீப்பை வேறொரு டிரைவர் ஸ்டாண்டில் ஓட்டுகிறார். என் வீட்டுக்காரர் தன் லைசென்ஸைப் புதுக்கவில்லை. மாதம் ஒருநாள் மட்டும் ஜீப்பை நாங்கள் எடுத்துக்கொண்டு, போடிமெட்டு வழியாகத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இருக்கிற பார்வையையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. மலை இறங்கும் முன் போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்துவோம். அங்கே சாலை சரிவு.

போன வாரமும் நிறுத்தினேன். பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் இறங்கி, பின்சீட்டுக்கு அடியில் தடவிக் கட்டையை எடுத்தார். பனிமூட்டம், அவருக்கு அது இன்னும் அடர்த்தியாகத் தெரிந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, டயரைத் தடவி, தரையைத் தடவி, கட்டையை அணைத்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினார். நேரம் ஆயிற்று. பின்னால் வந்த ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை, நானும் காலை எடுக்கவில்லை.

“போட்டாச்சு புள்ள” என்றார்.

காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை.