சொட்டுத் தண்ணீர் வராத போர்கள்

சென்னையில் ஒரு சர்வர் அறையில் நானும் செல்வியும் எட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். கத்திரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஏசி இரைச்சலில் கத்திக் கத்திப் பேசி, கட்டியாகிப்போன தயிர்சாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். அந்தக் குளிருக்கு இன்னும் ஏங்குகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். செல்வி இப்போது பிச்சாட்டூர் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறாள். மண்ணை வைத்தே கம்ப்யூட்டர்களைக் குளிர வைக்கிறோம், வந்து பார் என்றாள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பழைய ஸ்வெட்டரையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

மாதவரத்தில் காலை ஆறரைக்குத் திருப்பதி பஸ். ஊத்துக்கோட்டை வழியா என்று கேட்டு ஏறுங்கள். ஒன்பது மணிக்குப் பிச்சாட்டூர். அங்கிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் உச்சுக்கொட்டினார்.

"பாவம்மா அவுங்க. அத்தினி போர் போட்டும் சொட்டுத் தண்ணி வரல. இன்னும் போட்டுக்கினே கீறாங்க."

செல்வியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் போர்கள் தண்ணீருக்கு இல்லை என்றாள். மேலே அனல் அடித்தாலும் ஆழத்தில் மண் அவ்வளவு சூடாவதில்லை. கம்ப்யூட்டர்களின் சூட்டை வாங்கிய தண்ணீர் குழாயிலேயே கீழே போய், மண்ணில் சூட்டை விட்டுவிட்டு, அதே குழாயில் திரும்பி வருகிறது. ஆனால் சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் மண்ணும் தாங்காது. இன்னும் போர் வேண்டும், அதற்கு இடம் பக்கத்து நிலத்தில்தான் இருக்கிறது. நிலத்துக்காரர் முனுசாமி அண்ணன் தர மறுக்கிறார். இன்றும் மாட்டேன் என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பழையபடி ஏசி போடப்போகிறார்கள். செல்வியையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு.

இருவரும் போனோம். அண்ணன் கிணற்று மோட்டாரைப் போட்டு எங்களைக் கை நனைக்கச் சொன்னார். சில்லென்று இருந்தது. இது சூடாயிட்டா என் பயிர் என்ன ஆவும் என்றார். செல்வி சமாதானம் சொல்லவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் போடவே மாட்டோம் என்று மட்டும் சொன்னாள். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, நிலத்தின் மறுகோடிக்குக் கூட்டிப்போனார். அங்கே கல் வைத்து மூடிய மூன்று போர்க்குழிகள்.

"எங்க நைனா போட்டது. மூணுலயும் தண்ணி வரல. அவரு வயித்தெரிச்சல் எல்லாம் இதுலதாம்மா கெடக்குது. உன் சூட்டையும் இதுலயே வுடு."

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் நாலு மணிக்கே கிளம்புங்கள். ஸ்வெட்டர் வேண்டாம், உள்ளே குளிரும் இல்லை, இரைச்சலும் இல்லை. நாங்கள்தான் பழக்கதோஷத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பும்போது ஆட்டோ ஓட்டுநரிடம், இப்போது இன்னும் மூன்று போர் கிடைத்திருக்கிறது என்றேன்.

"தண்ணி வந்துச்சா?" என்றார்.

வரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன்.