மணவறைக்கு வந்த மண்புழு

மண் அழுக்கா, இல்லையா?

படித்து, வேலைக்குப் போய், ஒரு குழந்தைக்குத் தாயும் ஆகிவிட்ட எனக்கு இதற்கு இன்னும் பதில் தெரியவில்லை. விளையாட்டுத் திடலில் என் மகள் ஒரு பிடி மண்ணை அள்ளி வாயருகே கொண்டுபோனால் என் கால்கள் தாமாக ஓடுகின்றன. ஓடிப்போய்த் துடைத்துவிடுகிறேன். துடைத்தது தவறோ என்று வீடு வரும்வரை யோசிக்கிறேன். கைப்பேசியில் தேடினால் ஒருவர் ‘விடுங்கள், உடம்புக்கு நல்லது’ என்கிறார். அடுத்தவர் வரிசையாக நோய்களின் பெயரைச் சொல்கிறார். இரண்டையும் படித்து முடித்து, உறங்கும் பிள்ளையின் கையை இன்னொரு முறை துடைக்கிறேன்.

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது என் சித்தியின் கல்யாணத்தின்போது. அப்போது எனக்கு எட்டு வயது.

சித்தி என் அம்மாவின் தங்கை. சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். மண்ணைப் பற்றிப் படித்தவள். புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகளில் மரம் வைப்பதற்கு முன் மண்ணைத் தோண்டி எடுத்து, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. காலையில் சுடிதாரோடு போகிறவள் சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு வருவாள். அம்மா வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பாள். தஞ்சோங் பகார் பக்கம் என்னைக் கூட்டிப்போனால், “இங்கல்லாம் முன்னாடி கடல்டி, நாம மீன் மேல நிக்கிறோம்” என்று பயமுறுத்துவாள். நான் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

மாமாவுக்கு, அதாவது அம்மா, சித்தி இருவரின் தம்பிக்கு, சித்தியின் வேலை ஓயாத வேடிக்கை.

“அரிசி தாய்லாந்துலேருந்து வருது, கீரை மலேசியாவுலேருந்து வருது. மண்ணை வச்சு நாம என்ன சின்னக்கா பண்ணப் போறோம்?”

“மழை எங்கேருந்து வருது? நம்ம தலை மேலதானே கொட்டுது. அது எங்கடா போகும், உன் வாய்க்குள்ளயா? கட்டடம் கட்டுறவன் மண்ணை மிதிச்சு இறுக்கி வச்சுட்டுப் போயிடுறான். அதுக்கு மறுபடி மூச்சு வர வச்சாத்தான் தண்ணி இறங்கும், மரம் நிக்கும், இந்த புளோக் வெந்து போகாம இருக்கும். நாளைக்கு இவ பிள்ளைங்களும் இங்கதானே இருக்கப் போகுது.”

கடைசி வாக்கியத்தில் அவள் காட்டிய ‘இவ’ நான்தான். எட்டு வயதுக்காரிக்கு எங்கிருந்து பிள்ளைகள் என்று எனக்குப் புரியவில்லை. மாமா தட்டில் இருந்த அப்பளத்தை நொறுக்கி, “மண்ணுக்கு மூச்சாம்லா” என்று சிரித்தார்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் கையைப் பிடித்து வளையல் போட்டுவிட்டார். போடும்போது நகங்களைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு கோடு மண் அங்கே இருந்தது. அவர் கோபிக்கவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

“இவ்வளவு படிச்ச பொண்ணு வெயில்ல நின்னு மண்ணு நோண்டணுமா? கல்யாணத்துக்கு அப்புறம் ஏசி ரூம் வேலையா பாத்துக்கலாமே.”

“பாக்கலாங்க” என்றாள் அம்மா, சித்தியை முந்திக்கொண்டு. தாய் இல்லாத வீட்டில் தங்கையைக் கரையேற்றுகிற அக்காவின் அவசரம் அது. சித்தி வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். விருந்தினர்கள் போனபின், “நான் எதுவும் ஒத்துக்கலைக்கா” என்றாள். “போய் இருந்துட்டு அப்புறம் பேசிக்கோ” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு வீட்டில் மண்ணைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே அம்மா குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள்.

பேசாமல் இருக்க முடியாதபடி பாலிகை வந்தது. எங்கள் குடும்பங்களில் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மண்சட்டிகளில் மண் நிரப்பி, ஊறவைத்த நவதானியத்தைத் தெளிப்பார்கள். முளைவிட்ட சட்டிகள் மணவறையில் இருக்க வேண்டும். பயிர் செழித்தால் மணமக்கள் வாழ்க்கையும் செழிக்கும் என்பது நம்பிக்கை. செழிக்காவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

சட்டிகளும் தானியமும் தேக்கா சந்தையில் கிடைத்தன. மண்ணுக்கு மாமாவை அனுப்பினாள் அம்மா. அவர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஏதோ கட்டுமான வேலையிடத்துக்கு வெளியே குவித்திருந்த மஞ்சள் மண்ணைக் கேட்டு, ஒரு பை நிறைய வாங்கி வந்தார். பைக்குள் ஓர் எறும்பு ஓடியது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

என் அம்மா தண்ணீர்க் குழாயையும் கழுவுகிறவள். மண்ணைப் பெரிய பாத்திரத்தில் கொட்டினாள். அதன்மேல் கொதிக்கும் நீரை ஊற்றினாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கிருமிநாசினியையும் தாராளமாக விட்டாள். ஆறியதும் சட்டிகளில் நிரப்பி, தானியம் தெளித்து, சாமி அலமாரிக்குக் கீழே வெள்ளைத் துணி போட்டு மூடினாள். மணப்பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. வேறு எதையோ துடைத்ததால் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முளை எட்டிப் பார்த்திருக்க வேண்டிய காலையில் அம்மா துணியை விலக்கினாள். சட்டிகளில் மண் பிஸ்கட் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஒரு மொச்சை, போட்டபடியே, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “மண்ணு படிச்ச பொண்ணு வீட்டுல பாலிகை முளைக்கலைன்னா அவங்க என்னடா நினைப்பாங்க?” என்று மாமாவைக் கேட்டாள். மாமாவுக்கும் அன்று சிரிப்பு வரவில்லை.

வேறு வழியில்லாமல் சித்தியை அழைத்தார்கள். அவளுக்கு நலங்கு வைத்தாகிவிட்டது. வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. இரண்டு கையிலும் மருதாணி. எதையும் தொடவும் முடியாது. கைகளை விரித்துத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து சட்டியை மோந்து பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“அக்கா, மண்ணைக் குளிப்பாட்டுனியா?”

அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்ல, சித்தி சுவரில் சாய்ந்து, மருதாணிக் கையால் வயிற்றைப் பிடிக்கவும் முடியாமல் சிரித்தாள். அம்மாவுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு அவளும் சிரித்தாள்.

“அது கட்டடத்துக்கு அடியில கிடந்த களி மண்ணு. அதுல ஏற்கெனவே உயிர் கம்மி. இருந்ததையும் நீ அனுப்பி வச்சுட்டே” என்ற சித்தி, என்னையும் மாமாவையும் கீழே அனுப்பினாள். கார் நிறுத்தக் கட்டடத்துக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் மலாய்ப் பெரியவர் ஒருவர் தோட்டம் போட்டிருந்தார். காய்ந்த இலையையும் காய்கறித் தோலையும் மக்க வைத்து அவர் சேர்த்திருக்கும் மண்ணைக் கேட்க வேண்டும். “கேட்டு வாங்கி மோந்து பாருங்க. மழை பெஞ்ச வாசனை வந்தா எடுத்துட்டு வாங்க. வரலைன்னா அங்கேயே வச்சுட்டு வாங்க.”

மாமா கல்யாண வேலைக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையோடு குத்துக்காலிட்டு, கைநிறைய மண்ணை மூக்கருகே வைத்துக்கொண்டு, “பொண்ணோட தம்பி, மண்டபத்துல ராஜா மாதிரி நிக்கணும். என் நிலைமையைப் பாத்தியா?” என்றார். பெரியவர் கல்யாணம் என்று கேட்டதும் “அம்பில், அம்பில்” என்று வாளியைத் தம் பக்கமே இழுத்து நிரப்பினார். எடுத்துக்கொள் என்று அர்த்தம். மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. நானும் மோந்தேன். பள்ளிக்கூடத் திடலில் மழை நின்றதும் வரும் அதே வாசனை. வாளிக்குள் இளஞ்சிவப்பாக ஒன்று நெளிந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் மண்புழு. பார்த்த கணத்திலேயே அதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையோடு காத்திருந்தாள். “கையுறையைக் கழட்டுக்கா. விதை எவ்வளவு ஆழத்துல விழுதுன்னு விரலுக்குத் தெரியணும்” என்றாள் சித்தி. அம்மா தயங்கித் தயங்கிக் கழற்றினாள். முதலில் ஒரு விரல், பிறகு முழுக் கை. சித்தி சொல்லச் சொல்லக் கட்டிகளை உதிர்த்தாள், தானியத்தைத் தூவினாள், மேலே லேசாக மூடினாள். வேலை முடிந்தும் கையை உடனே வெளியே எடுக்கவில்லை. “சில்லுன்னு இருக்கு” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

“என் புழு எங்கே?” என்றேன். “பெரிய சட்டியில இருக்கு. பேசாம இரு” என்றாள் சித்தி மெதுவாக.

கல்யாணத்துக்கு முந்தின காலையில் பச்சைப்பயறு கழுத்தை வளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பின்னாலேயே காராமணி. அம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் விலக்கினாள். மாமா கூடத்தில் ஒரு சுற்று ஆடினார். வயதுக்கு மீறி வளரவில்லை அந்தப் பயிர். ஆனால் பச்சை பச்சைதானே.

கோயில் மண்டபத்தில் மணவறை ஜோடனை அழகாக இருந்தது. பாலிகைச் சட்டிகள் அக்கினிக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்ததை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சூடு தாங்காமல் என் புழு பெரிய சட்டியின் விளிம்பில் ஏறியது. ஏறி, கீழே விழுந்து, மாப்பிள்ளையின் அம்மாவுடைய பட்டுப் புடவையை நோக்கிப் புறப்பட்டது.

முதலில் பார்த்தது மாமா. ‘எடு, எடு’ என்று அம்மாவுக்குச் சொல்ல, கையை உயரத் தூக்கி ஆட்டினார். எதிரே மேளக்காரர் அந்த மாதிரி ஒரு கைக்காகத்தான் வெகுநேரமாகக் காத்திருந்தார். கெட்டிமேளம் முழங்கிவிட்டது. மண்டபமே எழுந்து அட்சதையை வீசியது. தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. மாப்பிள்ளை வெறுங்கையோடு, தலை நிறைய மஞ்சள் அரிசியோடு திகைத்து உட்கார்ந்திருந்தார். “இன்னும் இல்ல, இன்னும் இல்ல!” என்று ஐயர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மேளம் ஒருவழியாக நின்ற அந்த நொடியில், நான் அதுவரை கத்திக்கொண்டிருந்தது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது:

“மிதிச்சுடாதீங்க, அது என் புழு!”

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்துக் காலை இழுத்துக்கொண்டார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தது எனக்கே தெரிந்தது. சித்திதான் நகையெல்லாம் குலுங்கக் குனிந்தாள். மருதாணி சிவந்த விரல்களால் புழுவை எடுத்து, சட்டியில் விட்டு, மேலே கொஞ்சம் மண்ணை இழுத்து மூடினாள். அத்தனை பேர் முன்னிலையில், ஒளிக்காமல், வேலையில் எப்படிச் செய்வாளோ அப்படி. மாப்பிள்ளை சட்டியை நெருப்பிலிருந்து நகர்த்தி வைத்தார். இரண்டாவது கெட்டிமேளத்துக்கு யார் கையிலும் அட்சதை இல்லை. தரையில் கிடந்ததையே பொறுக்கிப் போட்டார்கள். அப்படியொரு சிரிப்போடு ஒரு தாலி ஏறி நான் பிறகு பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்ததும் அம்மா தாம்பூலத் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

“சம்பந்தி, அந்தச் சட்டி மண்ணை என்ன பண்ணுவீங்க?”

“கடல்ல விடறது வழக்கங்க.”

“கடல்ல எதுக்குங்க? எங்க வீட்டு வாசல்ல கறிவேப்பிலை ரொம்ப நாளா குச்சியா நிக்குது. பை பையா மண்ணு வாங்கிப் போட்டும் துளிர்க்கல. இதைக் கொடுத்தனுப்புங்க, புழுவோடயே.” பிறகு சித்தியின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, லீவு முடிஞ்சு வேலைக்குப் போறப்போ எங்க தொட்டி மண்ணையும் கொஞ்சம் எடுத்துட்டுப் போய்ப் பாரு. இதுதானே உன் வேலை.”

“சரிங்கத்தை” என்றாள் சித்தி. தாலி ஏறும்போதுகூட அழாதவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

நானும் அழுதுகொண்டிருந்தேன், என் புழுவைக் கொண்டுபோகிறார்களே என்று. சித்தியும் அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனுஷியாக அவள் கையைப் பிடித்து, “அழாதே சித்தி, நீயும் அந்த வீட்டுக்குத்தானே போறே. நீ பாத்துக்கோ” என்று தேற்றினேன். அவள் அழுதுகொண்டே சிரித்து, “பாத்துக்கறேண்டி” என்றாள்.

சித்தி இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறாள். இப்போது கட்டடங்களின் மொட்டை மாடியில் கீரை வளர்க்க மண் சேர்த்துத் தருகிறாள். போன வாரம் எனக்கும் ஒரு வாளி மண் கொடுத்தனுப்பினாள், ‘பிள்ளை கையை விடட்டும்’ என்று சொல்லி. வாளி வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் இப்போது வாசல்வரை தவழ்கிறாள். நான் தினமும் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறேன், பிறகு மூடிவிடுகிறேன். அம்மாவைக் கேட்டால் சித்தியைக் கேள் என்கிறாள். சித்தியைக் கேட்டால் சிரிக்கிறாள். அடுக்குமாடியில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: வாளியை வீட்டுக்குள் எடுத்து வரலாமா? உங்கள் பிள்ளையை எந்த வயதில் மண்ணில் கைவைக்க விட்டீர்கள்? அப்போது உங்கள் கையை எங்கே வைத்துக்கொண்டீர்கள்?