இறக்கி வைத்த வண்டி

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. எல்லோருக்கும் அவர் பட்டறையார்தான். உண்மையில் பட்டறை என்று ஒன்று கிடையாது. வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட காலியிடம், அதில் அவருடைய ஆறு சக்கர லாரி, ஒரு தகரப் பெட்டி நிறைய சாமான்கள், அவ்வளவுதான். தன் வண்டியில் அடுத்தவன் ஸ்பேனர் படக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் ஒற்றைக்காலில் நின்ற மனிதர். பிடிவாதத்துக்குக் கைகால் முளைத்தால் அப்படித்தான் இருக்கும், கூடவே கிரீஸ் வாடையும் அடிக்கும்.

முட்டி தேய்ந்த பிறகு ஓட்டுவது மாப்பிள்ளை, பழுது பார்ப்பது மாமனார் என்றாகிவிட்டது. குவாரியில் ஜல்லி ஏற்றினால் வண்டியின் பின்புறம் டயரைத் தொடுகிற அளவுக்கு உட்கார்ந்தது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைக் கட்டுகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரும்புப் பட்டை கூடுதலாகச் சேர்த்தால் நிமிர்ந்துவிடும் என்று பட்டறையார் முடிவு கட்டினார்.

"வெளியில குடுத்துச் செய்யலாமே மாமா" என்று மாப்பிள்ளை மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, என் கை உங்களுக்கு ஆகாதா?"

அதற்கு மேல் எந்த மருமகன் வாய் திறப்பான்?

ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டைப் பிரித்து, புதுப் பட்டையைச் செருகி, யூ போல்ட்டுகளை மாட்டினார். அந்தப் பட்டைகளையும் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த யூ போல்ட்டுகள்தான். வண்டி தூக்கி நிற்கும்போது நட்டுகளைக் கையால் திருகி மட்டும் வைப்பார். சக்கரத்தில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி, உயிரைக் கொடுத்து முடுக்குவார். அன்று இறக்கியாயிற்று. குழாயைத் தேடினால் அது வாய் பிளந்து கிடந்தது. வெல்டிங் கடையில் ஒன்று வாங்கிவரலாம் என்று, அளவு பார்க்க ஸ்பேனரோடு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது?

திரும்பி வந்தபோது இடம் காலியாக இருந்தது.

"வண்டி எங்கடி?"

மனைவி துணி உதறிக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளை குவாரிக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. ஜாக்கியெல்லாம் எடுத்தாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நான்தான் சொன்னேன். ஏன், முடியலையா?"

அவர் உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அது வீட்டு ஜன்னலிலேயே சார்ஜில் கிடந்து அடித்தது. கைக்குழந்தையோடு மகள் வந்து எடுத்தாள்.

"என்னப்பா, முகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்பேனரை வண்டியிலயே விட்டுட்டேன்."

ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது. மகள் அதைப் பார்த்தாள். குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

குவாரி மேட்டில் இருக்கிறது. காலி வண்டி எப்படியும் ஏறிவிடும். பாரத்தோடு இறங்குவதுதான் எமன். முடுக்காத நட்டோடு வளைவில் பிரேக் பிடித்தால் ஆக்சில் நகரும். நகர்ந்தால் வண்டி ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. மொபெட் முக்கி முனகி ஏறியது. வேகத்தடைக்குப் பக்கத்தில் ஏதோ மினுங்க, நிறுத்திக் குனிந்து எடுத்தார். அவரே வாங்கிவந்த புது நட்டு. நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதார். அதன் பிறகு எதிரே இறங்கி வந்த ஒவ்வொரு லாரியும் அவர் நெஞ்சில் ஏறித்தான் போயிற்று.

எடை மேடையைத் தாண்டி, சரிவைப் பார்த்து, இன்ஜின் ஓட நின்றது அவருடைய வண்டி. பின்னால் ஜல்லி குவிந்திருந்தது. மொபெட்டை அதன் முன்னால் அப்படியே போட்டார்.

மாப்பிள்ளை குதித்து இறங்கினார். "என்ன மாமா? வீட்ல யாருக்காவது ஏதாச்சும்...?"

"இன்ஜினை நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு அவர் அடியில் புகுந்தார். இடப்பக்கம் இரண்டு நட்டுகளைக் காணோம். மற்றவை கடைசி மரையில் தொங்கின. பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட் அறுந்து, ஆக்சில் இரண்டு விரற்கடை பின்னால் போயிருந்தது. முதல் வளைவைக் கூட வண்டி தாண்டியிருக்காது.

மாப்பிள்ளை குனிந்து எட்டிப் பார்த்தார். "வரும்போதே ஒரு பக்கமா இழுத்துச்சு மாமா. டங் டங்குனு சத்தம் வேற."

"அப்பவே நிறுத்த வேண்டியதுதானே!"

"நீங்க செஞ்ச வேலையாச்சே. நான்தான் ஒழுங்கா ஓட்டலைன்னு நினைச்சுட்டேன்."

பட்டறையார் ஆக்சிலைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தார். வெளியே வந்து அந்த முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை மண்டியிட்டுக் கையை நீட்டினார்.

"முதல்ல வெளிய வாங்க மாமா. பாரம் ஏத்தின வண்டி. நீங்க கீழ கிடக்கிறது எனக்குப் பயமா இருக்கு."