கிடாயிடம் கேட்ட சம்மதம்

லீவில் வந்த முதல் வாரம் என் மகள் என்னிடம் ஒட்டவே இல்லை. ஆறு வயது. குவைத்திலிருந்து செல்போனில் தெரிந்த முகம் நேரில் வந்து சோற்றுக்கு உட்கார்ந்ததும் அவளுக்குக் கூச்சம். தமிழில் டப்பிங் செய்த ஒரு படம்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. பண்ணையில் மாடும் ஆடும் பன்றியும் வாய் ஓயாமல் பேசும். கடைசியில் எல்லாம் பத்திரமாக வீடு திரும்பும். நான் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, நம்ம கிடாயும் பேசுமா?"

அவளுடைய காதுகுத்துக்காகக் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. நான் ஊருக்கு வருவதற்காகத்தான் காதுகுத்தே தள்ளிப்போயிருந்தது. அதுவரை தழை ஒடித்துப்போட்டு அதை வளர்த்தவள் அவள். மடியை விட்டு இறங்கிவிடுவாளோ என்ற பயத்தில் கதை அளந்துவிட்டேன்.

"பேசும்டா. கோயில்ல அதுக்கிட்ட கேட்டுட்டுத்தான் வெட்டுவாங்க. சரின்னு சொல்லலைன்னா வீட்டுக்குக் கூட்டியாந்துருவோம்."

முழுப் பொய்யும் இல்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலிர்க்க வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. சிலிர்க்காத கிடாயை எங்கள் பக்கத்தில் வெட்டமாட்டார்கள்.

இலுப்பூருக்கு அந்தப் பக்கம் எங்கள் கோயில். காதுகுத்தன்று பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். சிலிர்க்கவில்லை. செம்பையே கவிழ்த்தார். ஆணி அடித்தாற்போல் நின்றது.

"வேணாங்குதுப்பா!" என்று என் மகள் குதித்தாள்.

அவளுடைய தாய்மாமன், என் மச்சான், பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். "மாப்ள, சனம் பூரா எலைக்குக் காத்திருக்கு. இந்தக் குடும்பத்துல என்ன குத்தமோன்னு அங்கிட்டு பேச ஆரம்பிச்சுட்டாங்க."

மானம் போகிறதே என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது. கும்பிடுகிறவன் போலக் குனிந்து, கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதுக்குள் பலமாக ஊதினேன். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"அது காதுல என்னப்பா கேட்டீங்க?"

"சம்மதமான்னு கேட்டேன்."

"சரின்னுச்சா?"

"ம்."

அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அப்படியே நம்பிவிட்டாள்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறியைத் தொடாமல் சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்தேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவள் என் இலையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சாப்புடுங்கப்பா. அதுதான் சரின்னு சொல்லிருச்சுல்ல" என்று தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் வாயருகே நீட்டினாள்.

வாயைத் திறந்தேன்.