அது பாட்டா, பேச்சா?

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். ஹைதராபாத்தில் வேலை கிடைத்தபோது நாச்சாரத்தில் சித்தி வீட்டில் தங்கினேன். சித்தப்பா அங்கே ஒரு சின்ன மருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். என் அலுவலகமோ ஊரின் மறுகோடியில், மாதாப்பூரில் இருந்தது. காலையில் கம்பெனி கேப் வந்து அழைத்துப் போகும். முதலில் போலாரத்தில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, ஊரைச் சுற்றி நாச்சாரம் வந்து என்னை ஏற்றும். அந்த ரூட்டில் நாங்கள் இருவர்தான். ஒன்றரை மணி நேரப் பயணம். பேகம்பேட்டையில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம்.

முதல் நாள் நான் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பின்சீட்டில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து தம் தம்மென்று ஒரு சத்தம் கசிந்துகொண்டே இருந்தது. என்ன பாட்டு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

“ஹிப்-ஹாப். நீங்க தமிழா? இட்லியைப் பாதியில வெச்சிட்டுப் போறியேன்னு உங்க வீட்டுல கத்துனாங்களே, ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டுச்சு.”

“சித்தி. நான் ராக் மட்டுந்தான் கேப்பேன். ஹிப்-ஹாப் பக்கமே போறதில்ல.”

“கைக்கு?”

“என்னது?”

“ஏன்னு கேட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “‘கைக்கு’வா? இது எந்த ஊருத் தமிழ்?” என்றேன். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அன்று முழுக்க அப்புறம் பேசவில்லை. தூக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டுநர் பழைய நகரத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். நாங்கள் அவரை ‘பாய்’ என்றோம். அவருடைய வண்டியில் பென் டிரைவ் செருகிப் பாட்டுக் கேட்கும் வசதி வந்தது அந்த வருடம்தான். இரண்டாவது வாரம் நான் என் பென் டிரைவை நீட்டினேன். மறுநாள் அவள் தன்னுடையதை நீட்டினாள். அதற்கடுத்த நாள் இரண்டு கைகளும் ஒன்றாக நீண்டன. பாய்தான் தீர்ப்புச் சொன்னார். மேடத்துக்கு ஒரு பாட்டு, சாருக்கு ஒரு பாட்டு, மூன்றாவது அவருடைய கவ்வாலி. பாட்டு முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

போட்டோம். நான் சிறுவயதிலேயே சர்ச் பாடகர் குழுவில் நான்கு குரல் பிரித்துப் பாடிப் பழகியவன். எனக்குப் பாட்டென்றால் மெட்டு இருக்க வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

“இதுல மெட்டு எங்க இருக்கு? மூணு நிமிஷமா ஒரே நாலு நோட்டு சுத்துது. மேல ஒருத்தன் மூச்சு விடாம பேசுறான். இது பேச்சு. பாட்டில்ல.”

“உங்க ஆளு மட்டும் என்ன பண்றான்? நான் பாவம், நான் பாவம்னு மொனகுறான். அவனுக்கு என்ன கொறச்சல்? கிட்டார் இருக்கு. ஆம்ப்ளிஃபையர் இருக்கு. அம்மா சோறு போட்டிருப்பா.”

“அந்த நாலு நோட்டுகூட இவனோடது இல்ல. யாரோ முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாசிச்ச பியானோவுல ஒரு துண்டு வெட்டி எடுத்திருக்கான்.”

“எங்கம்மா பழைய பட்டுப் புடவையை வெட்டி எனக்குப் பாவாடை தெச்சாங்க. அது திருட்டா?”

இதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குள் அவள் வேறு வாதத்துக்குப் போய்விட்டாள்.

பாய்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அபிப்பிராயம் இருந்தது. “சாரோட பாட்டு அழுவுது. மேடத்தோட பாட்டு சண்டை போடுது” என்று ஹைதராபாத்துக்கே உரிய தன் தக்கணி இந்தியில் சொன்னார். நெரிசலில் நிற்கும்போது மேடத்தின் பாட்டு தேவலை, சாலை காலியாக இருந்தால் சாரின் பாட்டு என்பது அவருடைய கணக்கு.

மூன்று மாதம் இப்படிப் போனது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

அவளுக்கு மிகவும் பிடித்த பாட்டொன்று இருந்தது. அதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது போடுவாள். அதன் வரிகளை இணையத்தில் தேடி எடுத்தேன். நடுவில் ஒரு இடத்தில் பெண்களைப் பற்றி அசிங்கமாக இரண்டு வரி வந்தது. அலுவலக பிரிண்டரில் அதை அச்செடுத்து, அந்த இரண்டு வரியிலும் மஞ்சள் மார்க்கர் அடித்து, மறுநாள் காலை வண்டியில் ஏறியதும் அவளிடம் கொடுத்தேன். வாதத்தில் இனி அவளுக்கு எழுந்திருக்கவே வழியில்லை என்ற சந்தோஷம் எனக்கு.

“படிச்சுப் பாரு. ஒரு பொண்ணு கேக்குற பாட்டா இது?”

அவள் காகிதத்தைப் படிக்கவே இல்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது எனக்கு மனப்பாடம். நான் இங்கிலீஷ் மீடியம்தான். நீ எனக்கு அர்த்தம் சொல்ல வேணாம்.”

“அப்புறம் எப்படிக் கேக்குற?”

“அந்த ரெண்டு வரி வர்றப்போ ஒவ்வொரு தடவையும் எனக்கு எரியும். அவன் என் முன்னாடி இருந்தா நல்லாத் திட்டியிருப்பேன். மிச்சப் பாட்டு எனக்குப் புடிக்கும். ரெண்டும் இருக்கக் கூடாதா? ஆனா இப்ப நீ கேட்டியே, ஒரு பொண்ணு கேக்குற பாட்டான்னு. அது அந்த ரெண்டு வரியைவிட மோசம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நக்கோ” என்றாள். வேண்டாம். அவ்வளவுதான்.

மூன்று நாள் எங்கள் இருவர் பென் டிரைவும் பையிலேயே கிடந்தன. பாய் ஒன்றும் கேட்காமல் தன் கவ்வாலியை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டினார். சத்தமாக அழைத்து, கைதட்டி, கூட்டமாகப் பாடும் அந்தப் பாட்டுகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு ஜன்னல்களையும் பார்த்துக்கொண்டு போனோம். என்மேல்தான் தப்பு என்று இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான்காவது நாள் அவள் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். என் பாட்டின் வரிகள். பழிக்குப் பழி என்று நினைத்து வாங்கினேன். மார்க்கர் எதுவும் இல்லை. ஒரே ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டிருந்தாள். காலையில் கண் விழிக்கவே மனசில்லை என்று அந்தப் பாடகன் சொல்லும் வரி.

“இதை நீ அடிக்கடி போடுற. நான் மெட்டு நல்லாயிருக்குன்னு மட்டும் நெனச்சிட்டு இருந்தேன். நேத்துதான் ஒழுங்காப் படிச்சேன்.” என் பக்கம் திரும்பினாள். “நீ நல்லாத்தான இருக்க?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. “பாட்டு பாட்டுதான். அதை வெச்சு ஆளை எடை போடுவியா?” என்றேன். அவள் சரி என்றாள். தார்நாகா சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்து மறுபடி சிவப்பு விழுந்தது. அதற்குள் நான் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

கல்லூரி முடிக்கும்போதே எனக்கு ஒரு கம்பெனி ஆஃபர் லெட்டர் கொடுத்தது. அம்மா சர்ச்சில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். பிறகு, வேலையில் சேரும் தேதியைத் தள்ளி வைத்திருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பதினான்கு மாதம் நான் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “எப்போ மக்களே போற?” என்று பாசமாக ஒவ்வொருவராகக் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. கூட்டம் குறைவாக வரும் அதிகாலை ஆராதனைக்கு மாறினேன். பிறகு அதையும் விட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தேன். கல்லூரி நண்பன் ஒருவன் கொடுத்த சி.டி.யில் அந்தப் பாட்டு இருந்தது.

“நான் அழணும்னு நெனச்சதையெல்லாம் அவன் அழுதுட்டான். அதனால எனக்கு அழ வேண்டி வரல” என்றேன். இதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “இப்பதான் வேலை இருக்கே. இன்னும் எதுக்குக் கேக்குற?” என்றாள்.

“கஷ்டத்துல கூட இருந்தவனை, வேலை கெடச்சதும் கழட்டி விட முடியுமா?”

யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். “இது நியாயம். மூணு மாசத்துல மொத தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க.”

பாய்க்குத் தமிழும் தெரியாது. ஆனால் கவ்வாலியின் சத்தத்தை எப்போது குறைத்தார் என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

“உனக்கு ஏன் இந்தச் சண்டைக்காரப் பாட்டு?” என்று கேட்டேன். இந்தத் தடவை கிண்டலாகக் கேட்கவில்லை.

அவள் அப்பா ராணுவக் கணக்குப் பிரிவில் சிவிலியன் ஊழியர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அவள் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் போலாரம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தக்கணி இந்தி, கடையில் தெலுங்கு. கோடை விடுமுறைக்கு வேலூர் போனால், மாமா பிள்ளைகள் எல்லோரும் அவளை நடுவில் நிறுத்தி, “ஏதாவது பேசேன்” என்பார்கள். அவள் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’ என்றதும் கூடம் முழுக்கச் சிரிக்கும். பெரியவர்களும் சிரிப்பார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு முடிவு எடுத்தாள். இனி வேலூரில் ஆங்கிலம் மட்டும்தான். அதற்கு அவர்கள் திமிர் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் ஆங்கிலத்தையும் குறைத்துக்கொண்டாள்.

“இந்த ராப் பாடுறவங்க பேசுற இங்கிலீஷைப் பாரு. எங்க டீச்சர் கேட்டா ஒவ்வொரு வரிக்கும் செவப்பு மையில சுழிச்சிருப்பாங்க. அவங்க திருத்திக்கவே இல்ல. அதையே சத்தமா, வேகமா, தாளத்தோட சொல்றாங்க. உலகமே ஒக்காந்து கேக்குது. நீ பேச்சு, பாட்டில்லன்ன. ஆமா, பேச்சுதான். அது எனக்குப் போதும்.” பிறகு சாதாரணமாகவே சொன்னாள். “மொத நாள் நீயும்தான் சிரிச்ச.”

“தப்புதான். அன்னைக்குச் சிரிச்சதும், அந்த மஞ்சள் மார்க்கரும்” என்றேன்.

“மார்க்கர் ரொம்பத் தப்பு” என்றாள். அன்று மாதாப்பூர் வருவதற்குள் இரண்டு பாட்டு கேட்டோம்.

சில வாரம் கழித்து, மாமா மகள் கல்யாணத்துக்கு வேலூர் போனாள். போகும்போது அவளுக்கு விருப்பமே இல்லை. திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்து உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“அத்தை கேட்டாங்க, என்னடி இன்னும் இங்கிலீஷ்தானான்னு. எனக்கு என்ன ஆச்சோ தெரியல. எங்க குவார்ட்டர்ஸ்ல கொரங்கு பூந்து அப்பாவோட பல் செட்டைத் தூக்கிட்டுப் போன கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். என் தமிழ்லதான். ஹவ், நக்கோ எல்லாம் போட்டு. மொதல்ல ரெண்டு பேரு வாயைப் பொத்திட்டு சிரிச்சாங்க. நான் நிறுத்தல. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா கொரங்கைப் பாத்து. கல்யாணப் பொண்ணே திரும்பி ஒக்காந்துட்டா. அரை மணி நேரம் பேசியிருப்பேன். பந்தி ஆரம்பிச்சாச்சுன்னு அத்தை கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போற வரைக்கும்.”

பாய்க்காக அதே கதையை அவள் தக்கணியில் மறுபடி சொன்னாள். பேகம்பேட்டை மேம்பாலத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அமெரிக்காவில் வங்கிகள் விழுந்த வருடம் அது. எங்கள் அலுவலகத்தில் முதலில் இலவச பிஸ்கட் நின்றது. பிறகு சிலரை மொத்தமாக அனுப்பினார்கள். நாங்கள் இருவரும் தப்பித்தோம். ஆனால் வரும் மாதத்திலிருந்து கேப் கிடையாது என்று மின்னஞ்சல் வந்தது. பாய்க்கு வேறு ஒரு கம்பெனியில் ஓட்டம் கிடைத்துவிட்டது என்பது ஒன்றுதான் நிம்மதி.

கடைசி வெள்ளிக்கிழமை காலை, பாய் தன் முறை வந்தபோது கவ்வாலி வேண்டாம் என்றார். இத்தனை மாதமாகக் கேட்கிறேன், உங்கள் பாடகர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்டார். அவள் முதலில் தன் பாட்டைப் போட்டு வரிவரியாகத் தக்கணியில் சொன்னாள். அந்த இரண்டு வரி வந்ததும், “இங்க இவன் பொம்பளைங்களைப் பத்தித் தப்பாப் பேசுறான், நான் சொல்ல மாட்டேன்” என்றாள். பாய், “வீட்டுல சொல்லிக்கொடுக்கல போல” என்றார். மற்றபடி, இது எங்கள் மொஹல்லாப் பையன்கள் தெருமுக்கில் நின்று பேசுவதுதான், நன்றாகவே பேசுகிறான் என்றார்.

அடுத்து என் பாட்டு. எனக்கு அவ்வளவு இந்தி வராது என்பதால் அதையும் அவள்தான் சொன்னாள். நூறு தடவை கேட்ட வரிகள் இன்னொருவர் வாயில், இன்னொரு மொழியில், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரின் வருத்தம் போலக் கேட்டன. முடிந்ததும் பாய் கண்ணாடியில் அவளைப் பார்த்து, “இவர் இப்ப எப்படி இருக்காரு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அந்தப் பாடகனைப் பற்றி நான் அப்படி யோசித்ததே இல்லை. அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். “நல்லா இருக்காரு, பாய். தினமும் வேலைக்குப் போறாரு.”

திங்கட்கிழமையிலிருந்து ஆளுக்கொரு பஸ் பிடித்தோம். அடுத்த வருடம் நான் சென்னைக்கு மாறினேன். அவள் கல்யாணமாகி பூனாவுக்குப் போனாள். மாதத்துக்கு ஒருமுறை பாட்டு அனுப்பிக்கொண்டோம். அவள் அனுப்பியதில் பத்துக்கு இரண்டு எனக்குப் பிடித்தது. அது நல்ல முன்னேற்றம் என்று நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை. ஒரு தடவை, தாளம் அருமை, ஆனாலும் மெட்டு போதவில்லை என்று எழுதினேன். நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது, ஆங்கில எழுத்தில், அவளுடைய தமிழில். சத்தமாகப் படித்தால்தான் புரிந்தது. படித்தேன்.