முள் அசையாத கார்

மெக்கானிக் என் பழைய காரின் ஸ்பீடோமீட்டர் கேபிளை உருவினார். அந்தக் கிரீஸ் வாசத்தில், ஐம்பதுகளின் சங்கரன்கோவிலில், அப்பாவின் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காரில் முள் பூஜ்யத்திலேயே கிடக்கும். வேகத்துக்குப் பயந்த அம்மா அதைப் பார்த்தபடி, சிவகிரி வரைக்கும் நிம்மதியாகக் கடலை உடைத்துத் தின்றுகொண்டு வருவாள். ஒருநாள் அப்பா கேபிளைக் கழற்றிப் பார்த்தார். உள்கம்பி அறுந்திருந்தது. புதிது மாட்டினார். ஊர் எல்லை தாண்டியதும் முள் நாற்பதைத் தொட்டது.

"ஏங்க, வண்டிய நிப்பாட்டுங்க! நான் நடந்தே வாரேன்" என்று அம்மா அலறினாள்.

"எப்பவும் இதே வேகந்தான?"

"பொய் சொல்லாதிய. இத்தன நாளும் முள்ளு அசைஞ்சுதா?"

அப்பா வண்டியை ஓரங்கட்டி, டயலுக்குப் பின்னால் கைவிட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டார். மறுபடி கடலை உடைபடும் சத்தம் கேட்டது.

"புதுசு மாட்டிரட்டுமா அண்ணாச்சி?" என்றார் மெக்கானிக்.

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். பயப்பட இப்போது யாருமில்லை.

"மாட்டுங்க" என்றேன்.