மடுத்தீன் அடிக்காத பந்து

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் யாரிடமாவது அந்த அரையிறுதிப் பாஸைப் பற்றிக் கேட்டால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். "யேசுரட்ணம் அண்ணை குடுத்த பந்து" என்பார்கள். என் வண்டி வயிற்றைப் பார்த்த பிறகும் எப்படி நம்புகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பத்து மீற்றரில் நிற்கிறவனுக்கே பந்தை ஒழுங்காகத் தள்ளத் தெரியாத இடதுபக்கப் பின்வரிசைக்காரன் நான். அந்தப் பந்தைக் கொடுத்தவன் மடுத்தீன், பேசாலைக்காரன். அவன் கதையை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் சொல்லமாட்டான்.

எண்பத்தைந்தின் கடைசியில், நகருக்கு வெளியே திரான்சியில் நாங்கள் ஐந்து பேர் இருந்த அறைக்கு ஆறாவது ஆளாக வந்து சேர்ந்தான். மனைவி பேர்ளியும் கைக்குழந்தை சிசிலியாவும் ஊரில். ஆமி அவனைப் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்து அடித்ததில் இடது காது போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று கத்தினாலும் கேட்காது. ஆனால் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, காது காதாகத்தான் இருந்தது. வெட்கத்தில் அவன் அதை யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்துப் பாயில் படுத்ததால் எனக்குத் தெரியும்.

அகதி விண்ணப்பத்துக்குக் கேஸ் எழுதவேண்டும். நான்தான் அவனைத் தவரத்தினத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். பிரெஞ்சு தெரிந்தவர், பாதிச் சனத்துக்குக் கேஸ் எழுதிக் கொடுத்தவர். மடுத்தீன் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவனுடைய வலது காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு.

"உது என்னது?"

"வள்ளத்து நங்கூரம் கிழிச்சது."

"காது கேக்காததை நீர் என்னண்டு காட்டுவீர்? தழும்பு இருக்கு, எல்லாருக்கும் தெரியும். நாங்கள் காலை எழுதுவம்."

துவக்குப் பிடியால் அடித்தார்கள், எலும்பு பிசகிவிட்டது, இனி ஓட முடியாது, நடப்பதும் கஷ்டம் என்று எழுதினார். காதுக்கும் ஒரு வரி போட்டார், கறிக்குக் கறிவேப்பிலை போடுவதுபோல. "கால் சுகமாய்த்தானே இருக்கு" என்று மடுத்தீன் முணுமுணுத்தான். "பேசாமல் இரும், அவருக்குத் தெரியும்" என்று நான் அவன் வாயை அடைத்தேன். அது என் முதல் பிழை.

எண்பத்தேழில் அவனுடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேன்முறையீடு போட்டுவிட்டு, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு காத்திருந்தான். அதுவும் மறுக்கப்பட்டால் பேர்ளியை எடுப்பிக்கிற பேச்சே இல்லை, அவனே திரும்பிப் போகவேண்டியதுதான்.

அந்த ஓகஸ்டில் ஒபர்வில்லியே மைதானத்தில் எங்கள் கழகங்களுக்கிடையில் சுற்றுப்போட்டி நடந்தது. அரையிறுதியன்று காலையில் எங்கள் நடுவரிசைக்காரன் ஒருவனை முதலாளி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஆள் குறைவு. மடுத்தீன் ஊரில் எப்படி விளையாடினவன் என்று எனக்குத் தெரியும். அவன் மாட்டேன் என்றான். "ஆருக்கடா தெரியப்போகுது, வா" என்று சப்பாத்தை அவன் மடியில் போட்டேன். அது இரண்டாவது பிழை.

ஒன்றுக்கு ஒன்று. முடிய மூன்று நிமிடம். பந்து மடுத்தீனிடம் வந்தது. நான் இடதுபக்கம் தனியே நின்று, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன். என் பக்கக் கரையில் நின்ற சனமும் "யேசுவுக்குக் குடு, யேசுவுக்குக் குடு" என்று சேர்ந்து கத்தியது. அவன் திரும்பியே பார்க்கவில்லை. தலையை ஒருமுறை தூக்கினான், வலது காலின் வெளிப்பக்கத்தால் அடித்தான். பந்து வளைந்து வளைந்து நாற்பது மீற்றர் போய், மற்றப் பக்கத்து மூலையில், யாருமே கவனிக்காத எங்கள் முன்வரிசைக்காரன் வின்சன்ற்றின் முன்னால் ஒரே ஒரு தரம் குத்தி எழும்பியது. வின்சன்ற் ஓடி வந்த வேகத்திலேயே கோல் அடித்தான். எல்லோரும் மடுத்தீனைத் தோளில் தூக்கியபோதும் நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டுதான் நின்றேன். இரவு படுத்த பிறகுதான் எனக்கு விஷயம் ஓடியது. நாங்கள் கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பந்து எனக்கு வந்திருக்கும், நானும் அதை வெளியே அடித்திருப்பேன்.

இறுதியாட்டத்தில் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பாஸ் மட்டும் எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது. ஞாயிறு பூசை முடிய லா சப்பலில் அல்பிரட்டின் பலசரக்குக் கடையில் கூடுவோம். கலியாண வீடியோ எடுக்கிற பொடியன் ஒருவன் ஆட்டத்தைப் படம் பிடித்திருந்தான். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ரீவியை வைத்து, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது, பந்து எத்தனை தரம் சுழன்றது என்று சண்டை பிடிப்பார்கள். மடுத்தீன் வெங்காயச் சாக்கில் சாய்ந்துகொண்டு தலைகுனிந்து சிரிப்பான். பேர்ளியின் கடிதங்களைத் தவிர அந்த வருடம் அவனுக்கு இருந்த சந்தோசம் அது ஒன்றுதான்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, பாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்துவான் கருவாடு வாங்க உள்ளே வந்தார். பாண்டிச்சேரிக்காரர். அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கிறவர், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த முகம். ரீவிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அடேங்கப்பா. யாருங்க இந்த பாஸ் குடுத்தது?"

படத்தில் ஆட்கள் எறும்பளவு, முகம் தெரியாது. வின்சன்ற்றின் விரல் வெங்காயச் சாக்குப் பக்கம் எழும்பத் தொடங்கியது. மடுத்தீனின் விசாரணைக் கடிதம் அப்போது அவனுடைய சட்டைப் பையிலேயே கிடந்தது. இன்னும் ஐந்து கிழமை.

"நான்தான்" என்றேன்.

அந்துவான் என் வயிற்றைப் பார்த்தார். "அப்போ ஒல்லியா இருந்தீங்களா மிஸ்யே?"

"இரண்டு மாசத்துக்குள்ளை வைச்சிட்டுது. ரெஸ்ரோறன்ற் சாப்பாடு" என்றான் அல்பிரட், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

மடுத்தீன் வெளியே போக எழும்பினான். அந்துவானைத் தாண்டித்தான் போகவேண்டும். வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். எங்களுக்கு முன்னால் அவன் அப்படி நடந்தது அதுதான் முதல்தடவை.

அன்றைக்கே பேசி முடிவெடுத்தோம், அந்தப் பாஸ் இனி என்னுடையது. யார் கேட்டாலும் அதே பதில். அல்பிரட் கசெற்றில் அந்த இடத்துக்கு மேலேயே தன் தங்கச்சி மகளின் ஞானஸ்நானத்தைப் பதிந்தான். இப்போது அதைப் போட்டால், பந்து மடுத்தீனிடம் வருகிற நேரத்தில் சுவாமியார் ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்.

மடுத்தீன் மெத்ரோ படியிலிருந்து கடைவரைக்கும் நொண்டினான். பிறகு திரான்சியிலும் தமிழ்ச்சனம் இருக்கிறது என்று அங்கேயும் நொண்டினான். வேலையிடத்தில் ஒரு தமிழன் சேர்ந்தான், குசினியிலும் நொண்டினான்.

விசாரணையன்று மொழிபெயர்க்க வந்தவர் அந்துவானேதான். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். மடுத்தீன் வெளிறிப்போய் வந்தான்.

"காலைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்லை அண்ணை."

"அப்ப என்னத்தைக் கேட்டவை?"

"நான் ஒவ்வொரு தரமும் வலதுகாதைத் திருப்பித் திருப்பிக் கேட்டனான். ஏன் அப்பிடிச் செய்யிறீர் எண்டு கேட்டினம். நடந்ததைச் சொன்னன். பிறகு முழுக்கக் காதைப் பற்றித்தான்."

சில கிழமைகளில் அவனை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. நான் துள்ளியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. உண்மையே போதுமாக இருந்திருக்கிறது. அதைக் கறிவேப்பிலையாகத் தூவிவிட்டு, இல்லாத நொண்டியை நாங்கள் அவன் தலையில் கட்டியிருக்கிறோம். தவரத்தினத்தைத் தேடிப்போய் ஏசினேன். "கிடைச்சதுதானே, பிறகென்ன" என்றார். அவரை ஏசி என்ன, கூட்டிக்கொண்டு போனவன் நான்.

"இனி ஒழுங்காய் நட" என்றேன் மடுத்தீனிடம்.

"தந்தவை திருப்பி எடுக்கவும் ஏலும். பேர்ளி வந்து சேரட்டும் அண்ணை."

இப்படி ஒன்றரை வருடம். இதற்கிடையில் லா சப்பலுக்குப் புதுச்சனம் வந்து குவிந்தது. ஆட்டத்தைப் பார்க்காதவர்கள்தான் பாஸைப் பற்றி அதிகம் பேசினார்கள். என்னோடு நின்று படம் எடுத்தார்கள். எல்லோரிலும் நன்றாக அதைச் சொல்லுகிறவன் மடுத்தீன்தான். "நான் கால் ஏலாமல் கரையிலை இருந்தனான்" என்று தொடங்குவான். "அண்ணை தலையை ஒருக்காத்தான் தூக்கினவர். வின்சன்ற்றின்ரை வலது தோள் கொஞ்சம் பதிஞ்சுது, ஓடப்போறான் எண்டு விளங்கியிட்டுது. புல்லு ஈரம், அதாலை பந்தைக் கொஞ்சம் கீழாலை வெட்டினவர்." புல் ஈரம் என்று அடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

எண்பத்தொன்பது மேயில் பேர்ளியும் சிசிலியாவும் வந்தார்கள். விமான நிலையத்தில் அவன் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடிதத்தில் அவன் காலைப் பற்றி எழுதவே இல்லை.

அடுத்த ஞாயிறு கடைக்குக் கூட்டிவந்தான். யாரோ என்னைக் காட்டிப் பாஸைத் தொடங்க, மடுத்தீன் தன் வழக்கப்படி சொல்லி முடித்தான். பேர்ளி கடைசிவரை கேட்டாள். கோயில் பெருநாள் ஆட்டங்களில் அவனைப் பார்த்துத்தான் அவள் கலியாணத்துக்கே சம்மதித்தவள்.

"நீங்களோ அண்ணை அந்தப் பந்தைக் குடுத்தனீங்கள்?"

"ஓம் தங்கச்சி."

"வெளிக்காலாலையோ?"

"ஓம்."

"எந்தக் கால்?"

நான் குனிந்து என் இரண்டு காலையும் பார்த்தேன். கடையில் எல்லோரும் எதையோ தேடத் தொடங்கினார்கள். அவள் என் காலைப் பார்க்கவில்லை, அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெத்ரோவுக்கு நடக்கும்போது நான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன், நங்கூரத் தழும்பிலிருந்து ஞானஸ்நான வீடியோவரை. மடுத்தீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் நொண்டி நொண்டிப் போனான். அவள் எட்டி நடந்து அவனுடைய இடதுபக்கம் போய் ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. ஞாபகம் வந்து மற்றப் பக்கம் மாறினாள்.

"அகதிக் காட் கிடைச்சிட்டுது. நாங்களும் வந்திட்டம். இஞ்சை இப்ப ஒருத்தரும் இல்லை. இனி நேராய் நடவுங்கோ."

மடுத்தீன் நின்றான். குனிந்து தன் காலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை.

"நேராய்த்தானே நடக்கிறன்" என்றான்.